தூர்ந்துபோன துறைமுகம்

தியான பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 2:1-7



நம்ம மதுரையை ஆண்ட பாண்டியருக்கு அந்நாட்களில் துறைமுகமாயிருந்தது கொற்கை. பவுல் அப்போஸ்தலன் ஊழியம் செய்த அதே முதலாம் நூற்றாண்டில், ஒரு கிரேக்க வணிகன் எழுதிய கடற்பயணக் குறிப்பில் இந்த ஊர் 'கொல்கோய்' என்று வருகிறது. பாண்டியனுக்காகத் தண்டனைக் கைதிகள் அங்கே முத்துக்குளித்தார்களாம்.

இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள கொற்கைக்குப் போய்ப் பாருங்கள். வயல் இருக்கிறது, குளம் இருக்கிறது. கடல் எங்கே? சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி! துறைமுகத்தை மூடியது சத்துருவின் சேனை அல்ல. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல். வருஷா வருஷம், கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு வியாபாரம் காயலுக்குப் போனது. 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ புகழ்ந்த அந்தப் பட்டினத்துத் துறையும் தூர்ந்தது.

எபேசுவும் இப்படித்தான். பவுல் மூன்று வருஷம் கண்ணீரோடே புத்தி சொன்ன பட்டணம் (அப். 20:31). அதின் துறைமுகத்தையும் ஆற்று வண்டல் மூடிற்று. இன்று துருக்கி தேசத்தில், கடலைவிட்டு விலகி, இடிபாடாய்க் கிடக்கிறது.

பிரியமானவர்களே, அந்த சபையைக் கவனியுங்கள். கிரியை இருந்தது, பிரயாசம் இருந்தது, பொறுமையும் இருந்தது. ஆனால் ஆதி அன்பு இல்லை! ஊரை வாழவைத்த ஆறே வண்டலையும் கொண்டுவந்தது. அதுபோல கர்த்தர் தந்த வேலையும் வீடும், ஏன், ஊழியமுங்கூட ஜெப நேரத்தை மூடிப்போடும். ஒரே நாளில் யாரும் பின்வாங்குகிறதில்லை. இன்று ஒரு ஜெபம் தப்பியது, நாளை மன்னிக்காத ஒரு கசப்பு, அப்புறம் ராத்திரி முழுக்க செல்போன்.

நம்ம பக்கத்துக் கிராமத்து ஜனங்களுக்குத் தெரியும். கோடையில் கண்மாயில் கரம்பை அள்ளாவிட்டால், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. மறுகால் பாய்ந்து போய்விடும். எழுப்புதல் மழை வேண்டும் என்று உபவாசிக்கிறோமே, நம்ம கண்மாய் தூர் வாரியிருக்கிறதா?

ஆண்டவர் எபேசு சபையைச் சும்மா விட்டுவிடவில்லை, வழியும் சொன்னார்: விழுந்த இடத்தை நினைக்க வேண்டும், மனந்திரும்ப வேண்டும், ஆதியில் செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டும் (வெளி. 2:5). கொற்கைக்குக் கடல் திரும்பவில்லை. ஆனால் நீங்கள் திரும்பினால், உங்கள் தேவன் உங்களிடத்தில் திரும்புவார். அல்லேலூயா!

ஜெபம்: ஆண்டவரே, என் உள்ளத்தில் படிந்த மண்ணை அகற்றும். ஆதி அன்பை எனக்குத் திரும்பத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.