நாரை செய்வது பாவமா?

அறம் பற்றிய கடினமான வினாக்களைப் பெரியோர் கேட்பது அரிது, சிறுவரே கேட்கின்றனர். ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நாங்கள் இதனை நன்கறிவோம். எனினும், சென்ற தைத் திங்களில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் எங்கள் பேத்தி கேட்ட கேள்விக்கு, ஆசிரியப் பயிற்சியில் கற்ற எந்த முறையும் உடனே கைகொடுக்கவில்லை.

அன்று காலை திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதரை வணங்கி, உத்திரமேரூர் வழியாகக் குடும்பத்துடன் சென்றோம். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. நீரில் நிற்கும் கடம்ப மரங்கள் கிளை தெரியாவண்ணம் பறவைகளால் வெண்மை பூத்திருந்தன. கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தை குத்தி நாரை, நீர்க்காகம் எனப் பலவகை. சைபீரியா முதலிய வடபுலங்களின் கடுங்குளிருக்கு அஞ்சி, பல்லாயிரம் கல் கடந்து வந்த ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் நீரில் மிதந்தன. வழிகாட்ட எவருமின்றி இச்சிற்றுயிர்கள் நம் ஊர் ஏரியைத் தேடி வருவதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

இந்த அடைக்கலம் இன்று நேற்று தோன்றியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைச் சிப்பாய்கள் இங்குப் பறவைகளைச் சுட்டதால் ஊரார் முறையிட்டனர். செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். இன்றும் தீபாவளிக்கு இவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் இவ்வேரி உலகச் சிறப்புவாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

எங்கள் பேத்திக்கு ஒன்பது வயது. தன் குறிப்பேட்டின் நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் "கொல்லாதவை" என்றும் மறுபுறம் "கொல்பவை" என்றும் தலைப்பிட்டிருந்தாள். விதை உண்ணும் வாத்துகளை முதற்பக்கத்தில் மகிழ்ச்சியோடு எழுதினாள். அவையும் இடையிடையே பூச்சிகளை உண்ணும் என்று அவள் தந்தை கூறியதும், அவற்றை அடித்துவிட்டு மறுபக்கத்திற்கு மாற்றினாள். அவ்வேளையில் நாரை ஒன்று நத்தையைப் பற்றி அலகால் பிரித்து விழுங்கிற்று.

"பாட்டி, இது பாவம் இல்லையா? பாவம் செய்கிற பறவையை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்றாள்.

"அது அதன் இயற்கை, கண்ணே" என்றோம்.

"மனிதர் கறி தின்பதும் இயற்கைதான் என்று என் வகுப்புத் தோழி சொல்கிறாளே!"

நாங்கள் வாயடைத்து நின்றோம். அவள் சொன்னது நியாயமே. "இயற்கை" என்ற ஒரு சொல்லால் நாரையை விடுவித்தால், அதே சொல்லால் கசாப்புக் கடையையும் விடுவிக்க நேரும்.

வீடு திரும்பிய பின்பும் இதனைச் சிந்தித்தோம். வினையின் கட்டு எல்லா உயிர்க்கும் உண்டு என்பதே நம் சமயம். நாரையின் ஆன்மாவும் நம் ஆன்மாவும் தன்மையால் ஒன்றே; எனவே கொலை அதற்கும் வினையே. ஆயினும் அதற்கு வேறு உணவு இல்லை. வேறு வழி உண்டு என்று எடுத்துரைப்பாரும் இல்லை. நமக்கோ இரண்டும் உண்டு. தெரிந்தெடுக்கும் ஆற்றல் எங்கு மிகுதியோ, அங்குப் பொறுப்பும் மிகுதி.

விலங்கு விரதம் ஏற்க இயலாதோ எனில், அதுவும் அன்று. மகாவீரப் பெருமான் தம் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்தபோது, சாரண முனிவர் இருவர் அறமுரைக்க, உணர்ந்து ஊனைத் துறந்ததாகப் புராணம் கூறும். அம்முனிவர்கள் சிங்கத்தைக் கூண்டில் அடைக்கவில்லை. அதன் இரையைப் பிடுங்கவுமில்லை. அறம் உரைத்தனர், சிங்கம் தானே ஏற்றது. விரதம் என்பது தானே ஏற்பது, பிறர்மேல் சுமத்துவதன்று.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவை மருத்துவமனை ஒன்றுள்ளது. ஊன் உண்ணும் பறவைகளை அங்குத் தங்கவைப்பதில்லை. காயத்திற்கு மருந்திட்டு அனுப்புவதே வழக்கம் என்பர். இதனைக் குறை கூறுவோரும் உளர். எங்களுக்கோ இதில் ஒரு தெளிவு தெரிகிறது. பருந்தின் புண்ணுக்கு மருந்திட நம் கை தயங்கலாகாது; அதற்காக மற்றோர் உயிரை அறுத்து ஊட்டவும் அக்கை நீளலாகாது. கருணைக்கு எல்லையில்லை, நம் கைக்கு எல்லையுண்டு.

வேடந்தாங்கல் மக்களும் பறவையின் உணவை விசாரித்து அடைக்கலம் தரவில்லை. அவர்களுள் பலர் புலால் உண்போரே. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் பயனும் அவர்களுக்கு உண்டு. ஆயினும் பண்டிகை நாளில் குழந்தையின் கையிலுள்ள வெடியை வாங்கி வைப்பது எளிய விரதமன்று. "கொல்பவர்" என்று நாம் எளிதில் எழுதிவிடும் பக்கத்திலும் இத்தகைய அறம் வாழ்கிறது.

மறுநாள் பேத்தியை அழைத்து இவற்றைக் கதைபோல் கூறினோம். கவனமாகக் கேட்டவள், குறிப்பேட்டைத் திறந்து, "நம் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதட்டும், பாட்டி?" என்றாள்.

"முதற்பக்கத்தில்" என்று சொல்ல நா எழுந்தது. அவ்வமயம், வரவிருக்கும் திருமணத்திற்காக வாங்கி வைத்திருந்த பட்டுச்சேலை கண்ணில் பட்டது. கூட்டுப்புழுக்களை வெப்பத்தில் மடியச் செய்தே பட்டு நூல் எடுக்கின்றனர் என்பதையும், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும் என்பதையும் வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்தோம்! அதே பட்டை உடுத்தி ஜினாலயமும் சென்றோம். நத்தை விழுங்கிய நாரைக்கு வேறு வழியில்லை. எங்களுக்கு இருந்தது.

நெசவாளரைப் பழித்தல் எம் நோக்கமன்று. அவர்தம் பிள்ளைகளுக்கே எழுத்தறிவித்தோம். அவர் உழைப்பின் அருமை அறிவோம். பருத்திச் சேலைகளும் காஞ்சியில் கைத்தறியில் நெய்யப்படுகின்றன. இனிப் புதிதாகப் பட்டு வாங்குவதில்லை என்று எங்கள் இல்லத்தில் உறுதி பூண்டுள்ளோம். எழுபது வயதுக்குமேல் ஏற்ற சிறு விரதம் இது. பிறர்மேல் இதனைச் சுமத்தவில்லை. எங்கள் மருமகளும் தானே சிந்தித்து, ஒரு வாரங்கழித்தே ஏற்றாள்.

குறிப்பேட்டில் எங்கள் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. நடுக்கோட்டின்மேல் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறாள் பேத்தி. அது முதற்பக்கம் நோக்கி நகர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

வாழ்க அறம்! வளர்க ஜீவகாருண்யம்!