களைத்த வைத்தியரும் கருணையும்

பிணி தீர்ப்போர் தம் உடலைப் பொருட்படுத்தாது உழைக்க வேண்டுமென எதிர்பார்ப்பது உலக வழக்கம். இரவு பகலாகக் கண்விழிக்கும் இளம் வைத்தியரை யாவரும் போற்றுகின்றனர். அப்போற்றுதலினுள் ஓர் அநீதியும் மறைந்திருப்பதைச் சிந்திப்போர் சிலரே.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை 1889இல் திறக்கப்பட்டது. பயிலும் வைத்தியர்கள் வைத்தியசாலையிலேயே வதிந்து ஓயாது உழைக்கும் முறையை அங்கு வகுத்தவர் சத்திரசிகிச்சைப் பேராசான் வில்லியம் ஹால்ஸ்ரெட். அவரோ கொக்கெயினுக்கும் பின்னர் மோர்பினுக்கும் அடிமையாயிருந்தவர். இத்தகைய ஒருவர் இட்ட அளவுகோல் தலைமுறை தலைமுறையாக மாணவர்மீது சுமத்தப்பட்டமை விந்தையே.

1984 மார்ச் மாதம் நியூயோர்க்கில் லிபி சையன் என்னும் 18 வயது மாணவி காய்ச்சலும் நடுக்கமுமாக அனுமதிக்கப்பட்டு, மறுநாள் விடியலில் உயிரிழந்தாள். அவளைப் பார்த்தவர்கள் நீண்ட நேரம் பணியிலிருந்த பயிலும் வைத்தியர்கள். மேலே இருந்தவரின் ஆலோசனை தொலைபேசியிலேயே கிடைத்தது. பத்திரிகையாளரான தந்தை விடாது போராடினார். 1989இல் அம்மாநிலம் வாரத்துக்கு 80 மணித்தியாலம், தொடர்ந்து 24 மணித்தியாலம் என எல்லை வகுத்தது. 2003இல் 80 மணித்தியால எல்லை நாடு முழுவதற்கும் வந்தது. எண்பது மணித்தியாலம் என்பது கந்தோர் உத்தியோகத்தர் இருவரின் வார வேலை. அதுவே சலுகையாகக் கருதப்பட்டது!

2011இல் முதலாண்டுப் பயிலுநருக்குத் தொடர்வேலை 16 மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டு, 2017இல் மீண்டும் 24 ஆக்கப்பட்டது. நோயாளியை அடிக்கடி கைமாற்றினால் விபரம் தவறும் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. அதில் நியாயம் இல்லாமலில்லை. மணிக்கூட்டை மாத்திரம் பார்த்தால் இப்பிணி தீராது என்பதும் இதனாற் புலனாகும்.

உளச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்ரினா மஸ்லாக் அதற்கு மூன்று முகங்கள் காட்டினார்: மனம் வற்றிப்போதல், எதிரிலிருப்பவரை மனிதராகக் கருதாமை, தன்னால் ஒரு பயனுமில்லை என்ற எண்ணம். இவற்றுள் இரண்டாவதே அஞ்சத்தக்கது. தாயாரைப் போன்ற ஒரு கிழவி அப்போது வெறும் கட்டில் இலக்கமாகி விடுகின்றாள்.

"நாங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டு வந்தோம்" என்பர் மூத்தோர். வந்து சேர்ந்தவர்கள் பேசுகின்றனர். இடையில் விழுந்தவர்கள் பேச அங்கில்லை. தானாக ஏற்கும் துன்பம் தவமாகலாம். மறுத்தால் சான்றிதழ் போய்விடும் என்றஞ்சிச் சுமப்பதைத் தவமென்பது பொருந்தாது.

நோயாளர் முன்னிலையில் ஏசும் ஆசானிடம் மாணவன் "தெரியாது" என்று சொல்லான். நள்ளிரவில் ஐயம் வந்தால் அழைத்துக் கேட்கவும் துணியான், ஊகித்து மருந்தெழுதுவான். கட்டிலில் கிடப்பவருக்கு அது ஊகமென்பது தெரியாது.