நினைத்தால் கிளம்பிவிடலாமா?

"மனசு வைத்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்" என்று யாராவது சொன்னால், உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்கத்தான் எனக்கு முதலில் தோன்றும். மியூனிக்கில் இருப்பவர் வெள்ளிக்கிழமை இரவு முடிவெடுத்து, சனிக்கிழமை காலை ஆஸ்திரியாவின் பனிச்சரிவில் நிற்கலாம். அதே சரிவுக்கு நாம் போக ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ. புறப்படுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பே மனு கொடுத்தாக வேண்டும். வங்கிக் கணக்கு, தங்குமிட முன்பதிவு, அலுவலக விடுப்புக் கடிதம், திரும்பி வந்துவிடுவேன் என்பதற்கான அத்தாட்சிகள். திடீர் ஆசையை நகலெடுத்து, கையெழுத்துப் போட்டு, கவுண்டரில் நீட்ட வேண்டும். அதற்குள் ஆசைக்கே வயதாகிவிடும்.

பனிச்சறுக்கு ஆசை எனக்கு வந்தபோது ஆல்ப்ஸை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, விசா கேட்காத மலை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கஜகஸ்தான் 2022 முதல் இந்தியர்களை 14 நாள் வரை விசா இல்லாமலே அனுமதிக்கிறது. டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஏறி ஒரு தூக்கம் போட்டால் ஊர் வந்துவிடும். ஊரின் தெற்கு விளிம்பிலேயே மலை. டவுன் பஸ் மெடியூ வரை போகிறது. அங்கே, 1,691 மீட்டர் உயரத்தில், சோவியத் காலத்து ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம். அங்கிருந்து கேபிள் காரில் ஏறினால் 2,260 மீட்டரில் ஷிம்புலாக் பனிச்சறுக்குத் தளம். மலை மேலேயே அறை எடுத்தால்தான் செலவு எகிறும். ஊருக்குள் தங்கி, பஸ்ஸில் போய்வந்தால் கட்டுப்படியாகும்.

ஆனாலும் திடீர்ப் பயணத்துக்கும் சிக்கனத்துக்கும் ஏழாம் பொருத்தம். கடைசி நேரத்தில் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை; தேதி நெருங்க நெருங்க விலை ஏறத்தான் செய்யும். பணம் குறைவாக இருப்பவர் தேதியை விட்டுக்கொடுக்க வேண்டும், வார நடுவில் பறக்க வேண்டும், ஊரைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டும். நான் அல்மாட்டியைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வது சும்மா பெருமைக்கு. கட்டணப் பட்டியல்தான் தேர்ந்தெடுத்தது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஒன்று காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல, பனிச்சறுக்கைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். மற்றது பயிற்சியாளர். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அந்த பூட்ஸை ஒரு தடவை மாட்டிப் பார்க்கட்டும்.

வாடகைக் கடையில் கொடுத்த பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக். நாலு கொக்கிகளை இறுக்கினால் கணுக்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். முழங்காலை மடக்கினால் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் போய் அழுந்தும். அப்படி அழுந்தினால்தான் சரி. கடைக்காரர் எடை எவ்வளவு என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள். சொல்லத் தயங்கினேன். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் முழங்கால் திருகிக்கொள்ளும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்று திருகாணியை முறுக்கி வைப்பதற்குத்தான் எடை கேட்கிறார்கள். (பெண்களே, குறைத்துச் சொல்லாதீர்கள். வேண்டாத நேரத்தில் கழன்றுவிடும்.)

மேலே போனதும், ஸ்கீக்களின் முனைகளைக் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்டி, வேகத்தைக் குறைப்பதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள். யூகேஜி வயதுப் பிள்ளைகள் கையில் கோல்கூட இல்லாமல் என்னைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அது அவமானமாகவே இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம் கேட்டுச் செய்கிறார்கள், வீட்டிலும் அப்படியே. ஒன்றும் தெரியாதவளாக ஒரு இடத்தில் நிற்பது அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பணம் கொடுத்து அந்த நிம்மதியை வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை.

இதையெல்லாம் கேட்டவர்கள் என் துணிச்சலைப் பாராட்டினார்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. டிக்கெட் போட்ட அன்று நான் முதலில் கூப்பிட்டது அக்காவை. அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின்.

"போய்ட்டு வாடி, நான் பாத்துக்கறேன். ஊசி ஃப்ரிட்ஜ் கதவுலதானே இருக்கு?"

ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். அவள் தன் பிள்ளைகளின் பரீட்சைகளை மனதில் நகர்த்தி, அத்தானிடம் சொல்லி, சமையல்கார அம்மாவிடம் நேரம் மாற்றியதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் யோசிக்காமல் கிளம்பினேன் என்றால், யோசிக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். அந்த வேலைக்கு யாரும் சாகசம் என்று பெயர் வைப்பதில்லை. படம் எடுத்துப் போடுவதுமில்லை. எந்தத் திடீர்ப் பயணியின் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள், இப்படி ஒருத்தி இருப்பாள். பெரும்பாலும் ஒருத்திதான், ஒருத்தன் இல்லை.

அதற்காகப் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போகாமல் இருந்திருந்தால் அக்காவுக்கு என்ன லாபம்? வீட்டில் இரண்டு பேர் எங்கும் போகாதவர்களாக இருந்திருப்போம், அவ்வளவுதான். சாக்லேட் டப்பா வாங்கிக் கொடுத்துத் தீர்க்கும் கடனும் இல்லை இது. முறை மாற்றிக்கொள்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் அம்மாவையும் பிள்ளைகளையும் என் பொறுப்பில் விடச் சொல்லியிருக்கிறேன். எங்கே போகப்போகிறாய் என்று அக்காவிடம் கேட்டேன்.

"அதை இப்பவே சொல்லிட்டா, அப்புறம் எப்படிடி அது திடீர்ப் பயணம்?" என்றாள்.