தாழம்பூவின் சாட்சி

‘பழசு’ என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். பழைய அரிசி, பழைய புளி, பழைய சிநேகிதம் என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு மரியாதை இருக்கிறது. யந்திரத்தைப் பற்றியோ, சில வேளைகளில் வீட்டிலுள்ள வயோதிகரைப் பற்றியோ பேசும்போது அதே சொல் தீர்ப்பாக மாறிவிடுகிறது. “அது பழசாகிவிட்டது” என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் விசாரணை இல்லை; அப்பீலும் இல்லை.

பழசு என்பது ஒன்றின் வயதைக் குறிக்கும் சொல். அது எப்படி அதன் நோயைக் குறிக்கும் சொல்லாயிற்று? ஒரு பொருளின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? அப்படிச் சொல்வதற்கு முன் அவர் செய்ய வேண்டிய கடமை ஏதும் உண்டா? இந்தக் கேள்விகளை என்னிடம் எழுப்பியது எந்தத் தத்துவ நூலும் அல்ல. திருவண்ணாமலையில், தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், டைப்ரைட்டிங் பயிற்சி நிலையம் ஒன்றில் இருந்த நான்கு கம்ப்யூட்டர்கள்தாம்.

செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் அங்கே தட்டச்சும், ‘ஆபீஸ் ஆட்டோமேஷன்’ பரீட்சைக்கான பாடமும் படிக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு நின்றுபோயிற்று. அடுத்து வந்த விண்டோஸ் 11, ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்புச் சில்லும் புது வகை பிராஸஸரும் இல்லாத யந்திரத்தை முறைப்படி ஏற்றுக்கொள்வதில்லை. பழுது பார்க்க வந்தவர் நான்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எல்லாம் அப்பா காலத்து மெஷின் சார், தூக்கிப் போடுங்க” என்று சொல்லிவிட்டார். நான்கு புதிய யந்திரங்களின் விலை லட்சத்தைத் தொடும். அந்த லட்சம் கடைசியில் அந்தப் பிள்ளைகளின் மாதக் கட்டணத்தில்தான் போய் உட்காரும். ஆகவே, இது வெறும் யந்திர விவகாரம் அல்ல.

நிலையத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கும் இளைஞர், “ஐயா, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒருமுறை லினக்ஸ் போட்டுப் பார்த்துடறேன்” என்றார். “பாருங்கள் தம்பி, எனக்கும் வேடிக்கை பார்க்க ஆசை” என்று நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் கொண்டுவந்தது டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் வெளியீடு. 2025 ஆகஸ்டு 9-ஆம் தேதி வெளிவந்தது. ‘டிரிக்ஸி’ என்று பெயர். அதன் ‘லைவ்’ வடிவத்தை அவர் ஒரு பென் டிரைவில் ஏற்றியிருந்தார். ‘லைவ்’ என்றால் என்ன என்பதைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும்போது மூலஸ்தானத்துச் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ பலகையிலோ ஆவாகனம் செய்து, பாலாலயம் அமைத்து, பூஜையை அங்கே நடத்துவார்கள். 2017 பிப்ரவரியில் அண்ணாமலையார் கோயிலில் நடந்த கும்பாபிஷேகம் அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். லைவ் லினக்ஸும் ஒரு பாலாலயம்தான். வன்தட்டில் இருப்பதை அது தொடுவதில்லை. பென் டிரைவிலிருந்து யந்திரத்தின் நினைவகத்தில் ஏறி, அங்கேயே குடியிருந்து வேலை செய்யும். பென் டிரைவைக் கழற்றி, நிறுத்தித் தொடங்கினால் பழைய வீடு பழையபடி இருக்கும். எதையும் அழிக்காமல் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் வெளியிட்ட ‘நாப்பிக்ஸ்’ இந்த முறையை உலகத்துக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

புது வெளியீடு நான்கு யந்திரங்களிலும் ஓடவில்லை. பழுது பார்த்தவர் சொன்னதே சரி என்று அந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்த இளைஞர் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்தார். இரண்டு நாள் விசாரணையில், நான்குக்கும் நான்கு வேறு காரணங்கள் என்று தெரிந்தது.

முதலாவது, 2003-இல் வாங்கிய பென்டியம் 4. அதன் பிராஸஸர் 32 பிட் வகை. டெபியன் 13-இல் அந்த வகைக்கான கர்னலே கிடையாது. ‘இந்தக் கர்னலுக்கு 64 பிட் பிராஸஸர் வேண்டும், இங்கே இருப்பது அது அல்ல’ என்ற பொருளில் திரையில் ஒரு வரி வந்து நின்றது. எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. அதில் ஏளனம் இல்லை. தன்னால் முடியாததும் அதற்கான காரணமும் மட்டுமே இருந்தன.

இரண்டாவதில் திரை கறுத்துவிட்டது. ஆனால் உள்ளே விசிறி சுற்றிற்று, பென் டிரைவின் விளக்கு மினுக்கிற்று. புதிய கர்னல் எழுந்ததும் படம் காட்டும் சில்லோடு தன் புது முறையில் பேசத் தொடங்கும். அந்தப் பேச்சு பழைய சில்லுக்குச் சரிப்படாவிட்டால் திரை இருண்டுபோகும். யந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். துவக்கப் பட்டியலில் ஆணை வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தார் இளைஞர். எளிய முறையில் படம் காட்டு என்பது அதன் பொருள். திரை வெளுத்தது. செத்துவிட்டதாகக் கருதப்பட்ட யந்திரத்துக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் மெதுவான பேச்சுதான்.

மூன்றாவது ஒரு விசித்திரப் பிறவி. முதல் நாள் மாலை ஓடிற்று. மறுநாள் காலை பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. பயாஸைத் திறந்து பார்த்தால் அது 2009-ஆம் ஆண்டில் வாழ்ந்துகொண்டிருந்தது. மதர்போர்டில் இருக்கும் ‘சி.ஆர். 2032’ என்ற நாணய வடிவப் பாட்டரி தீர்ந்துபோயிருந்தது. இரவு மின்சாரத்தை நிறுத்தியதும் தேதியும் மறந்தது. முதலில் பென் டிரைவைப் பார் என்று சொல்லிவைத்த ஏற்பாடும் மறந்தது. தேதி இப்படிப் பின்னோக்கிப் போனால் பாதுகாப்பான இணையப் பக்கங்கள்கூடச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று கதவைச் சாத்திவிடும். பெட்டிக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பாட்டரி, அந்த யந்திரத்தை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்தது.

நான்காவது, அரசு முத்திரை பதித்த ஒரு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அந்த இளைஞரின் அக்காவுக்குக் கிடைத்தது. அதில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸும் இருந்தது. நம் நாட்டில், சி-டாக் நிறுவனத்தில், டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவானது அது. அக்கா ஒருநாளும் அதைத் திறந்ததில்லையாம். இப்போது புது லினக்ஸ் பாதி வழியில் பிழை பிழையாகக் கொட்டிவிட்டு நின்றது. “இதுக்கு வயசாயிடுச்சு” என்று பக்கத்திலிருந்த பிள்ளைகள் சொன்னார்கள். இளைஞர், இறக்கிய கோப்பின் ‘ஷா-256’ முத்திரையைக் கணக்கிட்டு, வெளியீட்டாளர்கள் அறிவித்திருந்த 64 எழுத்துக்களோடு ஒப்பிட்டார். கோப்பு சரி. பிறகு பென் டிரைவில் எழுதப்பட்டிருந்ததை ஒப்பிட்டார். அது பொருந்தவில்லை. கடையிலிருந்து அந்த வாரம் வாங்கிய புத்தம் புதுப் பென் டிரைவ் எழுதியதைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. வேறொன்றில் எழுதியதும் மடிக்கணினி மறுபேச்சு இல்லாமல் எழுந்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நான்கு யந்திரங்களுக்கும் ஒரே தீர்ப்புச் சொல்லப்பட்டது. ஆனால் ஒன்றுக்கு மட்டுமே வயது காரணம். ஒன்றில் பேச்சு முறை காரணம். ஒன்றில் அற்பமான ஒரு பாட்டரி. ஒன்றில் குற்றம் முழுவதும் புதியதன்மேல். புதியதும் பழையதும் சேர்ந்து நிற்கும் இடத்தில் தவறு நேர்ந்தால் பழையதைத்தான் நாம் முதலில் பிடித்துக்கொள்கிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற நியாயம் யந்திரங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது.

இப்படிச் சொல்வதால், பழையதை எல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் வாதிடுவதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். அந்தப் பென்டியம் 4, குழாய்த் திரையோடு சேர்ந்து, ஒரு புதிய மடிக்கணினியைவிடப் பல மடங்கு மின்சாரம் குடிக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன மென்பொருளில் பிள்ளைகளை உட்காரவைத்து வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வது சிக்கனம் அல்ல, அசட்டுத்தனம். ஓர் இளைஞரின் இரண்டு நாள் உழைப்புக்கும் விலை உண்டு. அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

புதியதை உண்டாக்குகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸை முதன்முதலில் எழுதியது 386 பிராஸஸர் உள்ள ஒரு யந்திரத்தில். அதே 386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் லினக்ஸிலிருந்து நீக்கினார்கள். 2013 பிப்ரவரியில் வந்த 3.8-ஆம் கர்னலில் அது இல்லை. தான் பிறந்த வீட்டையே அது விட்டு வெளியேறிவிட்டது. நன்றி கெட்ட செயலா? நான் அப்படி நினைக்கவில்லை. 386-இல் இல்லாத வசதிகளை ஈடுகட்ட எழுதிய தனி வழிகள், மற்ற எல்லோருடைய வேலைக்கும் இடைஞ்சலாக இருந்தன. அந்தக் காரணத்தைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். பழைய கர்னலின் மூலம் இன்றும் திறந்தே கிடக்கிறது. வேண்டுகிறவர் எடுத்துத் தொடரலாம். டெபியன் கைவிட்ட 32 பிட் யந்திரங்களை ‘ஆன்டி-எக்ஸ்’ போன்ற சிறு குழுக்கள் பிறகும் தூக்கிச் சுமப்பது அப்படித்தான். நிலையத்துப் பென்டியம் 4 இப்போது ஆன்டி-எக்ஸ் 23-இல் தட்டச்சுப் பயிற்சி மட்டும் தருகிறது. இணையத்துக்கு அது ஈடுகொடுக்காது. அதனிடம் யாரும் அதைக் கேட்பதும் இல்லை.

ஆகவே, முடிந்துவிட்டது என்று சொல்வது குற்றமல்ல. விசாரித்த பிறகு சொல்கிறோமா, விசாரிப்பதற்குப் பதிலாகச் சொல்கிறோமா என்பதே கேள்வி. அண்ணாமலை தோன்றிய கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடிமுடி காணாத நெருப்புத் தூணாக இறைவன் நின்றான். பன்றியாய் மண்ணைத் தோண்டிப் போன திருமால், ‘அடியைக் காண முடியவில்லை’ என்று திரும்பி வந்து சொன்னார். அன்னமாய்ப் பறந்த பிரமன், முடியைக் காணாமலே கண்டதாகச் சொல்லித் தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். இருவரும் தோற்றவர்களே. ஆனால் தோல்வியைச் சொன்னவருக்குப் பழி இல்லை. பிரமனுக்குத்தான் சாபம், பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லாமல் போயிற்று.

பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிற ஒவ்வொருவரும் ஒரு தாழம்பூவைக் கையில் வைத்திருக்கிறார்கள். ‘பழசு’ என்ற சொல்தான் அந்தத் தாழம்பூ. அது மணக்கத்தான் செய்கிறது; கேட்பவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள்.

உண்மையான சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதையும் அங்கே கண்டேன். கறுத்த திரையைப் பற்றி அந்த இளைஞர் வெளியீட்டாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். யந்திரம் இன்னது, படச் சில்லு இன்னது, செய்தது இது, கண்டது இது, இந்தச் சொல்லைச் சேர்த்தபின் சரியாயிற்று என்று ஐந்தே வரிகள். கோபமும் இல்லை, ஊகமும் இல்லை. புது வெளியீட்டைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மேஜையிலுள்ள யந்திரத்தில்தான் சோதிக்க முடியும். திருவண்ணாமலைச் சந்தில் இருக்கிற யந்திரம் இருட்டில் நிற்பது, அதன் சொந்தக்காரர் சொன்னாலன்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்? கைவிட்டார்கள் என்று குறைகூறும் நாம், கைவிடாதிருக்க அவர்களுக்குத் தேவையான சாட்சியத்தைக் கொடுத்திருக்கிறோமா? பழையதன்பால் நமக்குள்ள கடமையில் பாதி இதுவே.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை ஒதுக்கித் தள்ளியது என்று ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு சொல்கிறது. அந்த மலையில், ஒரு சொல்லையோ ஒரு பாட்டரியையோ எதிர்பார்த்துக்கொண்டு எத்தனை யந்திரங்கள் கிடக்கின்றனவோ!

யந்திரத்தோடு இது நின்றுவிட்டால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். பாட்டிக்குக் கண் தெரியவில்லை என்றால் “வயசாச்சு, அப்படித்தான்” என்று சொல்லிவிடும் வீடுகள் ஒரு காலத்தில் ஏராளம். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தது. வயது என்று பெயர் வைக்கப்பட்டிருந்ததில் பெரும்பகுதி கண்புரை. சிறிய ஒரு சிகிச்சையில் தீரக்கூடியது. எல்லாக் கண்ணும் திரும்பவில்லை; திரும்பாத கண்களும் இருந்தன. ஆனால் எது எது என்பது விளக்கைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

வீட்டு வயோதிகரைப் பற்றியோ, மூலையில் கிடக்கும் யந்திரத்தைப் பற்றியோ தீர்ப்புச் சொல்லும் வேளை நம் எல்லோருக்கும் வரும். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று அப்போது சொல்ல நேர்ந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. தேடியிருந்தால் போதும்.