வெட்டிய கோடும் இட்ட நிறமும்

ஒரு படைப்பு எக்கணத்தில் நிறைவெய்துகின்றது என்னும் வினா அழகியலுக்கு மட்டும் உரியதன்று. நிறைவுற்றதென விடப்பட்ட ஒன்றின்மீது பின்னர்க் கைவைக்க எவருக்கு உரிமையுண்டு, கைவைத்தபின் அதனை எப்பெயரால் பிறரிடம் கையளிப்பது என்று கேட்கத் தொடங்கியதும் அது அறவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. லினோ அச்சோவியத்தின்மீது நீர்வர்ணம் தீட்டும் வழக்கம் இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

லினோலியம் தரைவிரிப்புக்கென உண்டான பொருள். 1860களில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் வால்ற்றன் என்பவர் ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்பட இறுகச் செய்து, தக்கைத் தூளும் பிசினும் கலந்து, சணற்றுணிமீது பரப்பி இதனை ஆக்கினார். மரத்தைப்போல இழையோட்டம் இல்லாமையால் சிற்றுளி எத்திசையிலும் இலகுவாகச் செல்லும். வெட்டி அகற்றிய இடம் தாளில் வெண்மையாக நிற்க, எஞ்சிய மேடே மையை ஏற்கின்றது. வெட்டியதை மீள ஒட்டுதல் இயலாது. நீர்வர்ணம் தீட்ட எண்ணுவோர் எண்ணெய் மையால் அச்சிட்டு, அது நன்கு உலரும்வரை சில நாள்கள் காத்திருப்பர். நீரிற் கரையும் மையாயின் தூரிகை பட்டதும் கருமை கலங்கிவிடும். எண்ணெய் மையும் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயால் ஆவதே. கட்டையும் மையும் ஒரே குடிப்பிறந்தவை, நீர்வர்ணமே வேற்றார்.

புத்தளத்துக்குத் தெற்கே, கற்பிட்டி வீதி பிரிந்து செல்லும் பாலாவியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். (திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்துடன் இதனை மயங்குதல் கூடாது.) களப்பையொட்டிய உப்பளங்களில் நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலுக்கு விட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிக்கின்றனர். இக்காட்சியைக் கட்டையில் வெட்ட முனைபவர் விந்தையானதொரு நிலையை எதிர்கொள்வார். வானும் வரம்பும் மனிதரும் மையால் ஆவர். உப்பு மட்டும் மையால் ஆகாது. உப்பிருக்கும் இடத்தில் இருப்பது வெறுந்தாளே. இன்னொன்றும் உண்டு. அச்சில் உருவம் இடம்வலமாக மாறும். வலக்கை முன்னிற்க உப்பு வாரும் பெண், தலைகீழாக வரைந்துகொள்ள மறந்த கலைஞரின் தாளில் இடக்கைப் பழக்கமுடையவளாகிவிடுவாள். பார்ப்பவர் இதனை அறியப்போவதில்லை. அவளை அறிந்தவர் அறிவர்.

உப்பும் லினோவும் வரலாற்றில் ஏற்கெனவே சந்தித்துள்ளன. 1930 மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தியடிகள் ஏப்பிரல் 6ஆம் நாள் தண்டியில் உப்புச் சட்டத்தை மீறினார். அம்மாதமே இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தவர்கள், பாக்குநீரிணையின் மறுகரையில் அதே செயலைச் செய்தனர். சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் நந்தலால் போஸ், கைத்தடியுடன் நடக்கும் காந்தியை அவ்வாண்டில் லினோவில் வெட்டினார். கரிய பரப்பிலே சில வெண்கோடுகள், அவ்வளவே. அதன்மீது ஒரு துளி நிறம் இட்டால் என்னவாகும்? துணி மேலும் துணியாகும், தடி மேலும் தடியாகும். நடை குன்றிவிடும் என்றே கருதவேண்டியுள்ளது.

இக்கருத்துப் புதியதன்று. டியூரரின் அச்சோவியங்களைப் புகழ்ந்த எராஸ்மஸ், கறுப்புக் கோடுகளாலேயே அனைத்தையும் காட்டவல்ல அவற்றில் வண்ணம் பூசினால் அவை பழுதுறும் என 1528இல் எழுதினார். ஆயினும் வில்லியம் பிளேக்கின் செயல் இதற்கு நேர்மாறானது. 1789இல் வெளியான தம் கவிதை நூலின் பக்கங்களை அவர் செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே நீர்வர்ணம் தீட்டினார். மனைவி கதரினும் அப்பணியிற் பங்குகொண்டார். ஒரு பிரதியைப்போல மற்றொன்று இல்லை. பிளேக் எவரையும் ஏமாற்றினார் எனல் பொருந்தாது. ஏனெனில் எல்லாப் பிரதிகளும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை.

ஏமாற்று எங்கே தொடங்குகின்றது என்பதை இது காட்டுகின்றது. அச்சோவியத்தின் அடியில் பென்சிலால் எழுதப்படும் எண், இத்தனை தாள்கள் மட்டுமே, அவை யாவும் ஒத்தவை என்ற வாக்குறுதியாகும். இருபதில் ஐந்தாவது தாளைப் பெறுபவர் முதலாவதைப் பெற்றவருக்குக் குறைந்தவரல்லர். ஓவிய உலகில் அரிதாகக் கிட்டும் இச்சமத்துவத்தை ஒரு தூரிகை குலைத்துவிட முடியும். அழகாக வந்த தாளை நண்பருக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றையும் அதே வரிசை எண்ணால் விற்பவர் சொல் தவறியவரே. நிறமிட்டவற்றைத் தனி வரிசையாக்கி அவ்வாறே குறித்தால் இக்குற்றம் நீங்கும்.

ஆனால் பெறுபவருக்குச் செலுத்தும் கடன் தீர்ந்தாலும், வரையப்பட்டவருக்குரிய கடன் எஞ்சி நிற்கின்றது. உப்பளத்துப் பெண்ணின் சேலைக்கு ஒரு தாளிற் சிவப்பும் மறுதாளில் நீலமும் இடப்படுகின்றன என்க. கண்ணுக்கு இனிமையாக இருக்கலாம். எனினும் அவள் உடுத்தது ஒரு சேலைதான். இவ்வாறாயின் கறுப்பு வெள்ளையே நேர்மையானது என உடன்படத் தோன்றும். அதுவும் அத்துணை எளிதன்று. வறியோரைக் கருமையிலேயே காட்டும் மரபு வலிமையானது. சித்தபிரசாத் 1950களின் தொடக்கத்தில் உழைக்கும் சிறுவரை லினோவில் வெட்டியபோது அக்கருமை ஒரு குற்றச்சாட்டாக ஒலித்தது. பின்வந்தோர் கைகளில் அது பழக்கமாகத் தேய்ந்துபோவதும் உண்டு. வெயிலில் நிற்பவளும் தன் சேலையின் நிறத்தை விரும்பித்தான் தேர்ந்திருப்பாள். அதனைப் பறித்தபின் அவளை உழைப்பின் சின்னம் என அழைப்பது மரியாதையாகாது. ஆகவே அவளுடைய நிறம் இதுவே என அறிந்து இடும் ஒரு துளி, கருமையைவிட உண்மையானது. அறியாது இடும் துளியோ வெறும் ஒப்பனை.

நீர்வர்ணக்காரர் சிலர் ஈரப்பூச்சின்மீது உப்பு மணிகளைத் தூவுவர். மணி தன்னைச் சூழ்ந்த நீரை உறிஞ்சும்; உலர்ந்தபின் அதனைத் தட்டி அகற்றினால் வெளிறிய விண்மீன் போன்ற தடங்கள் எஞ்சும். பாலாவி உப்பளத்தின் அச்சில், வானத்துக்கு நீலமிட்டு, அவ்வூர் உப்பையே தூவிப் பார்க்கலாம். அத்தடத்தின் வடிவைக் கலைஞர் தீர்மானிக்கவில்லை. அவர் தீர்மானிப்பது, உலர்ந்த தாளை வரிசையிற் சேர்ப்பதா விடுவதா என்பதை மட்டுமே. மணி எங்கே விழும் என்பதை அறியாமலே தூவியவர், அத்தாளின் அடியில் தம் பெயரைப் பென்சிலால் எழுதவேண்டியுள்ளது.