மழை நாளில் ஒரு தாமதம்

மழை அல்லாஹ்வின் ரஹ்மத். இதை மறுப்பார் நம்மில் யாருமில்லை. ஆனால் அந்த ரஹ்மத் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மும்பையின் தாதர் ஸ்டேஷனில் ஒரு மணி நேரமாக வராத லோக்கல் வண்டிக்காக நனைந்து நிற்பவரிடம் போய்ப் பேசிப்பாருங்கள். அவர் நாவில் ஷுக்ரு வருவது கொஞ்சம் சிரமம்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்நகரில் வேலைக்குப் போகிறவர்களின் பாடு இது. குர்லா, சயான், மாட்டுங்கா போன்ற தாழ்ந்த இடங்களில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டால் வண்டி நின்றுவிடும். அதே வேளையில் கடலில் ஓதமும் ஏறிவிட்டால், மழைநீர் வடிய வழியின்றி ஊருக்குள்ளேயே தங்கிவிடும்.

அப்படிப்பட்ட நாளில் தாமதித்து வருகிறவருடைய காரணத்தை எதைக் கொண்டு அளப்பது? கேட்க எளிதான கேள்விதான்.

பொய்க் காரணம் சொல்கிறவர்களும் உண்டு. பத்து நிமிட நடையில் வீட்டை வைத்துக்கொண்டு, வண்டி ஓடவில்லை என்பார்கள். வேலை நேரம் ஓர் அமானத் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்களை விட்டுவிடுவோம். என் கவலை, காரணத்தைக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் பதிவாயிற்று. மித்தி ஆறு கரைகடந்தது. ரயில்கள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் இடுப்பளவு நீரில் இரவெல்லாம் நடந்தே வீடு திரும்பினார்கள். வழியெங்கும் முன்பின் அறியாதவர்கள் வீட்டைத் திறந்துவைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் நகரத்தில் மவ்த்தானார்கள். அதே நாளில், அதே நகரத்தின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவான மழை எவ்வளவு தெரியுமா? சுமார் 73 மில்லி மீட்டர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோ மீட்டர்தான். அன்று கொலாபாவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "இதென்ன பெரிய மழை" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் பொய் சொன்னவராகமாட்டார். அவர் கண்ட மழை அவ்வளவுதான்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு மழை நாளில், அதுவும் ஜும்ஆ நாளில், பாங்கு சொல்பவரிடம் தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்காமல், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் செய்தார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவரான நாயகம் (ஸல்) அவர்கள் செய்ததே இது என்றும், நீங்கள் சேற்றிலும் சறுக்கலிலும் நடந்து வருவதைத் தாம் விரும்பவில்லை என்றும் சொன்னார்கள். பாருங்கள், அவர்கள் எண்ணியது நடந்து வருகிறவருடைய காலடியிலுள்ள சேற்றை. வானம் எப்படியிருக்கிறது என்று பார்த்ததோடு நிற்கவில்லை.

இவ்வளவும் எழுதுகிற நான் செய்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சயானில் குடியிருந்த காலம் அது. ஒரு ஜூலை மாத மழையில் கோட்டைப் பகுதியிலிருந்த என் அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. மேலாளர் என் நனைந்த சட்டையைப் பார்த்தார். வந்து சேர்ந்தீர்களே, அதுவே போதும் என்றார். டீ வரவழைத்தார். எனக்கு முழுநாள் வருகை பதிவாயிற்று. மனம் குளிர்ந்து போயிற்று.

அன்றைக்கே எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் நான்கு மணி நேரம் தாமதித்து வந்திருக்கிறாள். திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பம். முழங்காலளவு சாக்கடைத் தண்ணீர் குடிசைக்குள் வந்துவிட, பிள்ளைகளைப் பக்கத்து மாடியில் ஏற்றிவிட்டு வந்தாளாம். மாதக் கடைசியில் என் மனைவி அரைநாள் கூலியைப் பிடித்தாள். என்னிடம் கேட்டுத்தான் பிடித்தாள். எனக்கு அது சரியாகவே பட்டது. இன்னும் மூன்று வீடுகளிலும் அவளுக்குப் பிடித்திருப்பார்கள் என்று அப்போது தோன்றவேயில்லை.

வராத நேரத்துக்குக் கூலி கடமையில்லையே என்று சட்டம் பேசலாம். அந்தச் சட்டத்தை என் சம்பளத்தில் யாராவது பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? முதஃப்பிஃபீன் சூராவை ஓதும்போது நமக்கு மளிகைக் கடைத் தராசுதான் நினைவுக்கு வருகிறது. தனக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவரைப் பற்றியல்லவா அது பேசுகிறது! ஒரு மழைக்கு நான் இரண்டு படி வைத்திருந்தேன்.

பஜ்ருக்குப் பின் ஒருநாள் அந்த சூராவை ஓதியபோதுதான் இது உறைத்தது. மனைவியிடம் சொன்னேன். அடுத்த சம்பளத்தோடு பிடித்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா, கணக்குல கூடுதலா வந்திருக்கு" என்று மிச்சத்தை நீட்டினாள். அது அவளுடைய பணம்தான் என்று விளங்கவைக்க என் மனைவிக்கு வெகு நேரம் ஆயிற்று.