தானே தோன்றியது எது?

உயிரைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பார் சிலர். அது தானே தோன்றிற்று என்பார் சிலர். இவ்விரண்டையும் நாம் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

இலங்கைக் காலியில் 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948இல் பட்டம் பெற்றவர் சிறில் பொன்னம்பெருமா. பின்னர் வேதியியல் கற்ற அவர், கலிபோர்னியாவில் தம் துணைவருடன் செய்த சோதனையொன்றை 1963இல் வெளியிட்டார். மீத்தேன், அம்மோனியா, நீர் இவற்றின் கலவைமேல் எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்த, அடினைன் உண்டாயிற்று. நம் மரபுச் செய்தியை எழுதும் நான்கு எழுத்துக்களுள் அஃது ஒன்று. உயிரின் எழுத்து உயிரற்ற பொருளினின்றும் பிறக்கக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

எழுத்து மட்டும் உயிராகாது; தன்னைப்போல் மற்றொன்றை அது ஆக்குதல் வேண்டும். அச்சு செங்கல்லைத் தரும்; செங்கல் அச்சாவதில்லை. ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறோ அச்சாகவும் அமையும், வேலையாளாகவும் அமையும். அது வினைபுரிய வல்லது என்பதைத் தாமஸ் செக் 1982இல் காட்டினார். 2009இல் அமெரிக்காவில் லிங்கன், ஜாய்ஸ் என்னும் இருவர் ஆர்.என்.ஏ. இணையொன்று பன்மடங்காகப் பெருகுவதைக் காட்டினர். எவ்வாறு பெருகிற்று? முதலாவது, துண்டுகளைப் பிணைத்து இரண்டாவதை ஆக்கிற்று. இரண்டாவது அவ்வாறே முதலாவதை ஆக்கிற்று. துண்டுகள் தீர்ந்தால் பெருக்கமும் நின்றுவிடும்.

முதல் உயிர் இவ்வழியே வந்தது என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. இத்தகைய வழி இயலும் என்பதற்கே இவை சான்று. ஆயினும் ஒன்று நோக்குக. 'தானே பெருகுவது' எனப் பெயர் பெற்றதும் தனித்து நின்று பெருகவில்லை. துணையும் இரையும் தக்க சூழலும் கூடியபோதே பெருகிற்று. அந்த ஆய்வாளர் நம் தம்மத்தை நிலைநாட்ட முயன்றாரல்லர். அவ்வாறு நாம் அவர்மேல் ஏற்றிச் சொல்லுதலும் முறையன்று. எனினும், சார்பிற்றோற்றம் கற்ற நமக்கு இச்செய்தி வியப்பளிப்பதன்று.

தடாவை அடுத்த பழவேற்காடு ஏரிச் சேற்றில் வாழும் நுண்ணுயிரும், அங்கு வந்திறங்கும் பூநாரையும், வலை வீசும் மனிதரும் அதே நான்கு எழுத்துக்களையே தம்முள் தாங்கியுள்ளனர். அவ்வாறாயின், பிறப்பினால் உயர்ந்தோம் என்பார் எந்தப் பிறப்பைக் கூறுகின்றனர்? பாட்டன் பூட்டன் பெயரோடு அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கும் அப்பால், வேர் வரையில் சென்றால் அங்கே குலமில்லை, கோத்திரமுமில்லை.

அன்பர்களே, பள்ளியிலோ தெருவிலோ நம் பிள்ளைகளிடம் குலம் கேட்பார் இன்றும் உளர். தலைகுனியாமல் விடை கூற அவர்கட்கு இதனைக் கற்பியுங்கள்.